‘வயசானா அப்படித்தான்’ என்று விட்டுவிடலாமா? கள்ளக்குறிச்சியில் ஒரு பெல்விக் பிசியோதெரபிஸ்ட் என்ன செய்ய முடியும்?

கரும்புக் கட்டைத் தூக்கித் தலையில் வைக்கும்போது லேசாக ஈரமாகிறது. தும்மினாலும் இருமினாலும் வாய்விட்டுச் சிரித்தாலும் அதே கதை. இரண்டு பிரசவம் பார்த்த பெண்ணுக்கு இது புதிய விஷயமில்லை. பக்கத்து வீட்டு அக்காவுக்கும் இருக்கும், அம்மாவுக்கும் இருந்திருக்கும். ‘புள்ள பெத்தா அப்படித்தான்’, ‘வயசானா அப்படித்தான்’ என்பதோடு பேச்சு முடிந்துவிடும். பழைய புடவைத் துணியை மடித்து வைத்துக்கொண்டு வேலைக்குக் கிளம்பிவிடுவார்கள்.

கள்ளக்குறிச்சி மாவட்டத்தின் களமருதூராக இருந்தாலும் சரி, கல்வராயன் மலையில் வெள்ளிமலையாக இருந்தாலும் சரி, சென்னை ஐ.டி. அலுவலகமாக இருந்தாலும் சரி, உடம்புக்குள் நடப்பது ஒன்றுதான். இப்படி இருமும்போதும் பாரம் தூக்கும்போதும் வரும் கசிவுக்கு முதலில் தர வேண்டிய சிகிச்சை ஒரு தசைப் பயிற்சி. ஆபரேஷன் பற்றிய பேச்சு எல்லாம் அதற்குப் பிறகுதான். அந்தப் பயிற்சியைச் சொல்லித் தருபவர்தான் பெல்விக் பிசியோதெரபிஸ்ட்.

அது என்ன பெல்விக் ஃப்ளோர்?

குழந்தையைத் தாங்கும் தூளியை நினைத்துக்கொள்ளுங்கள். முன்பக்க இடுப்பு எலும்பிலிருந்து பின்னால் வால் எலும்பு வரை அப்படி ஒரு தசைத் தூளி இருக்கிறது. சிறுநீர்ப்பை, கர்ப்பப்பை, மலக்குடல் மூன்றையும் கீழிருந்து தாங்குவது இதுதான். பிரசவத்தில் இது நன்றாக இழுபடுகிறது. நாள்பட்ட இருமல், மலச்சிக்கல், தினமும் பாரம் தூக்கும் வேலை எல்லாம் சேர்ந்து இன்னும் தளர்த்துகின்றன. தளர்ந்தால் கசிவு வரலாம். கர்ப்பப்பை கீழே இறங்கவும் செய்யலாம். ‘அடி இறங்கிடுச்சு’ என்று கிராமத்தில் சொல்வது இதைத்தான்.

இதற்கு நேர் எதிரான பிரச்சினையும் உண்டு. சிலருக்கு இந்தத் தசைகள் எப்போதும் இறுகியே இருக்கும். தாம்பத்தியத்தின்போது கடுமையான வலி வரும். அவர்களுக்கு இறுக்கும் பயிற்சி கொடுத்தால் வலி கூடத்தான் செய்யும். தளர்த்தத்தான் கற்றுத்தர வேண்டும். ஆண்களுக்கும் இந்தத் தசைகள் உண்டு. புராஸ்டேட் அறுவை சிகிச்சைக்குப் பின் கசிவு வரும் ஆண்களும் இதே பிசியோவைத்தான் தேடி வர வேண்டியிருக்கும்.

யூடியூப் பார்த்துச் செய்யக்கூடாதா?

‘கீகல் பயிற்சி’ என்று தேடினால் வீடியோக்கள் கொட்டுகின்றன. அமெரிக்க மகளிர் மருத்துவர் ஆர்னால்ட் கீகல் 1948-ல் இதைப் பற்றி எழுதினார், அவர் பெயரே நிலைத்துவிட்டது. ஆனால், தசையைச் சரியாக இறுக்குகிறோமா என்பதை உணர்த்தும் அழுத்தமானிக் கருவி ஒன்றையும் அவர் பயன்படுத்தினார். வீடியோக்களில் விடுபட்டுப் போனது அந்தப் பகுதிதான்.

அது ஏன் முக்கியம்? 1991-ல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில் 47 பெண்களுக்கு வாய்மொழியாக மட்டும் பயிற்சியைச் சொல்லிக்கொடுத்துப் பரிசோதித்தார்கள். 23 பேர் சரியாகச் செய்தார்கள். 12 பேர் செய்த விதமோ கசிவை அதிகமாக்கக்கூடியதாக இருந்தது. உள்ளே இழுப்பதாக நினைத்துக்கொண்டு கீழ்நோக்கி முக்குவது இதில் நடக்கும் முக்கியமான தவறு. புட்டத்தை இறுக்குவது, மூச்சைப் பிடிப்பது எல்லாம் இன்னும் சகஜம். ஆக, ஒரு நோட்டீஸ் அச்சடித்துக் கொடுத்துவிட்டால் வேலை முடிந்தது என்று இருக்க முடியாது. யாராவது பார்த்து, ‘இது இல்லம்மா, மூச்ச விட்டுக்கிட்டே உள்ள மேல இழுங்க’ என்று திருத்த வேண்டும்.

பிரிட்டனின் நைஸ் வழிகாட்டுதல், நேரடிக் கண்காணிப்புடன் குறைந்தது 3 மாதப் பயிற்சியை முதல் சிகிச்சையாகச் சொல்கிறது. ஒரு தடவைக்குக் குறைந்தது 8 முறை இறுக்க வேண்டும், அப்படி ஒரு நாளைக்கு 3 தடவை. செலவே இல்லை. பொறுமைதான் வேண்டும். கூடவே ஒரு சின்ன உத்தி: இருமுவதற்கு, குடத்தைத் தூக்குவதற்கு ஒரு நொடி முன்னாலேயே தசையை இறுக்கிக்கொள்வது. வயல் வேலைக்குப் போகிறவர்களுக்கு உடனே கைகொடுப்பது இதுதான்.

முதல் சவால்: கேள்வி கேட்பது

கல்லூரியிலிருந்து வெளியே வந்த இளம் பிசியோவுக்குத் தசையின் பெயர்கள் தெரியும். கேள்வியை எப்படி ஆரம்பிப்பது என்பதுதான் தெரியாது. ‘எனக்கு ஒண்ணுக்குக் கசியுது’ என்று சொல்லிக்கொண்டு யாரும் வருவதில்லை. வருவது இடுப்பு வலி, முட்டி வலி என்று. இருபத்து மூன்று, இருபத்து நான்கு வயதில், கல்யாணம் ஆகாத பெண் ஒருவர், ஐம்பது வயது அம்மாவிடம் தாம்பத்தியம் பற்றிக் கேட்க வேண்டும். ‘இந்தப் பொண்ணு என்ன இதெல்லாம் கேக்குது’ என்று அந்த அம்மா நெளிவார். பிசியோ ஆணாக இருந்தால், பல வீடுகளில் பேச்சே தொடங்காது.

சுற்றி வளைத்துத்தான் போக வேண்டும். ‘பஸ்ல தூரமா போகணும்னா தண்ணி குடிக்காம இருப்பீங்களாக்கா?’ என்பது நல்ல தொடக்கம். பதில் பெரும்பாலும் அதற்குள்ளேயே இருக்கும். ஒதுங்க இடமில்லாத வயலில் வேலை செய்பவர்கள் தண்ணீரைக் குறைப்பது இயல்பு. ஆனால், சிறுநீர் அடர்த்தியானால் சிறுநீர்ப்பை எரிச்சலடையலாம், மலச்சிக்கலும் கூடும், முக்க முக்கத் தசை இன்னும் தளரும். எவ்வளவு குடித்தார், எத்தனை முறை போனார், எப்போது கசிந்தது என்று மூன்று நாள் குறிக்கச் சொல்வதும் சிகிச்சையின் ஒரு பகுதி. எழுதத் தெரியாதவருக்குச் சொம்புக் கணக்கும் கோடுகளும் போதும்.

உள் பரிசோதனை செய்தால் தசையின் பலத்தை 0 முதல் 5 வரை அளவிடலாம். அதற்குத் தனிப் பயிற்சி வேண்டும், சாத்தக்கூடிய கதவுள்ள அறை வேண்டும், உடன் ஒரு பெண் இருப்பது நல்லது. எல்லாவற்றுக்கும் முன்னால் நோயாளியின் தெளிவான சம்மதம் வேண்டும். அவர் வேண்டாம் என்றால் வேண்டாம்தான். வெளியிலிருந்து பார்த்தும் பயிற்சியைத் தொடங்கலாம்.

எது தன் வேலை இல்லை என்று தெரிவதும் அவசியம். சிறுநீரில் ரத்தம், இரவு பகலாக நிற்காமல் ஒழுகுவது, சிறுநீர் கழிக்கவே முடியாமல் போவது, மாதவிடாய் நின்ற பிறகு ரத்தப்போக்கு... இவற்றில் ஒன்று இருந்தாலும் உடனே மருத்துவரிடம் அனுப்பிவிட வேண்டும்.

சரி, வேலை எங்கே?

கள்ளக்குறிச்சி 2019 நவம்பரில்தான் விழுப்புரத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமாக இயங்கத் தொடங்கியது. சிறுவங்கூரில் அரசு மருத்துவக் கல்லூரி வந்துவிட்டது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் இயன்முறை சிகிச்சையும் வீடு தேடி வருகிறது. 2024-ல் ஐ.நா. விருது பெற்ற திட்டம் அது. பக்கவாதம் வந்தவர்கள், படுக்கையில் கிடப்பவர்களுக்கு அது பெரிய உதவி. ஆனால், மாமியாரும் கணவரும் பிள்ளைகளும் இருக்கும் ஒற்றை அறை வீட்டில் கசிவைப் பற்றி எப்படிப் பேசுவது?

தனியார் கிளினிக்கின் கணக்கு வேறு. கழுத்து வலிக்கு மெஷின் வைத்தால் ஒரே நேரத்தில் மூன்று பேரைப் பார்க்கலாம். இங்கே ஒருவருக்கே முக்கால் மணி நேரம் போய்விடும். நோயாளி பக்கமும் கணக்கு இருக்கிறது: கல்வராயன் மலையிலிருந்து வாராவாரம் இறங்கி வந்தால் பஸ் காசோடு அன்றைய கூலியும் போச்சு.

2021-ல் வந்த தேசிய சுகாதாரத் தொழில்துறையினர் ஆணையச் சட்டம் பிசியோதெரபியையும் தன் பட்டியலில் சேர்த்தது. பிசியோக்கள் பெயருக்கு முன்னால் ‘டாக்டர்’ போடலாமா என்ற சண்டை 2025 செப்டம்பரில் நாடு முழுக்கச் செய்தியானது. கிராமத்துப் பெண்ணுக்கு இந்தச் சிகிச்சை எங்கே கிடைக்கும் என்பது அந்த அளவுக்குச் செய்தியாகவில்லை. பிரான்ஸில் பிரசவமான பெண்களுக்கு இந்தப் பயிற்சி அரசு மருத்துவக் காப்பீட்டிலேயே கிடைக்கிறது.

இங்கேயும் ஒரு வழி ஏற்கெனவே திறந்தே இருக்கிறது. தமிழ்நாட்டில் புதன்கிழமை என்றால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் தடுப்பூசி நாள். குழந்தைக்கு 6-வது, 10-வது, 14-வது வாரங்களில் ஊசி. மூன்று முறையும் தூக்கிக்கொண்டு வருவது பெரும்பாலும் அம்மாதான். தனியாக பஸ் ஏற வேண்டாம், கூலியை இழக்க வேண்டாம், வீட்டில் காரணம் சொல்லவும் வேண்டாம். ஊசி போட்ட பிறகு எப்படியும் அரை மணி நேரம் உட்காரச் சொல்வார்கள். பக்கத்து அறையில் ஒரு பிசியோ இருந்தால் போதும். முதல் தடவை கேட்கலாம், சொல்லித் தரலாம். அடுத்த இரண்டு தடவைகளில், சரியாக இழுக்கிறாரா என்று பார்க்கலாம்.