கடற்பஞ்சின் குடிகள்

எங்கள் முத்தியால்பேட்டையை அடுத்த கடற்கரையில் மீனவர் வலையை உதறுங்கால், மீனொடு வந்த கடற்பஞ்சுத் துண்டுகளை வேண்டாதனவென்று மணலில் எறிந்துவிடுவர். யானும் நெடுநாள் அதனை ஒரு செடியென்றே எண்ணியிருந்தேன். அது விலங்கினத்தைச் சார்ந்ததென்பதைப் பின்னரே அறிந்தேன்.

தொல்காப்பிய மரபியல் நத்தை, சிப்பி முதலியவற்றை ஈரறிவுயிரென வகுக்கும். கடற்பஞ்சோ அவற்றினும் எளிய உயிர். அதற்கு வாயில்லை; இரைப்பையில்லை; நரம்புமில்லை. உடலெங்குமுள்ள நுண்ணிய துளைகளால் கடல்நீரை உட்கொண்டு, அதிலுள்ள நுண்ணுயிர்களை வடித்துண்டு, எஞ்சிய நீரைப் பெருந்துளை வழியே வெளியேற்றும். ஆயினும், உட்புகும் பாக்டீரியாக்கள் அனைத்தும் அதற்கு இரையாவதில்லை. பல இனங்கள் அதன் உடலிலேயே குடிகொண்டு வாழ்கின்றன. சிலவகைக் கடற்பஞ்சில் உடலெடையில் ஐந்தில் இரு பங்குவரை இக்குடிகளே என்பர் அறிஞர்.

இக்குடிகள் உணவைப் பகுத்துக்கொள்ளச் சுரக்கும் பொருள்களுக்கு நொதிகள், அதாவது என்சைம்கள், என்று பெயர். திறவுகோல் தனக்குரிய பூட்டை மட்டும் திறப்பதுபோல, ஒவ்வொரு நொதியும் தனக்குரிய பொருளையே பகுக்கும். புரோட்டீஸ் புரதத்தையும், லிபேஸ் கொழுப்பையும், அமிலேஸ் மாவுப்பொருளையும் பகுக்கும். கடல்நீர் உப்பும் சிறிது காரத்தன்மையும் உடையதாதலின், அங்கு வாழும் பாக்டீரியாக்களின் நொதிகளுட் சில, பிற நொதிகள் செயலிழக்கும் நிலையிலும் தளராது தொழில்புரியும். சலவைத்தூள் செய்வோரும் தோல் பதனிடுவோரும் விரும்புவது இவ்வியல்பையே.

நம் கரைக்குத் தெற்கே, மன்னார் வளைகுடாவிற் கிடைத்த ஒரு கரிய கடற்பஞ்சை 1889இல் ஆர்தர் டெண்டி என்னும் ஆங்கில அறிஞர் முதன்முதல் விவரித்தார். இன்று அதன் பெயர் டெண்ட்ரில்லா நைக்ரா. அவ்வினத்திலிருந்து ரோசியோபாக்டர் என்னும் பாக்டீரியாவைப் பிரித்து வளர்த்த திருச்சிராப்பள்ளிப் பாரதிதாசன் பல்கலைக்கழக ஆய்வாளர், அது வெப்பத்தையும் காரத்தையும் தாங்கும் புரோட்டீஸைச் சுரப்பதை 2008இல் வெளியிட்டனர்.

இத்தகைய நொதியின் அருமை பாலாற்றங்கரையார்க்கு நன்கு விளங்கும். தோலின் மயிரைக் களையச் சுண்ணாம்பும் சல்பைடும் இடுவது பழைய முறை. தோல் தொழிற்சாலைக் கழிவால் அவ்வாறு கெட்டதை உச்சநீதிமன்றமே 1996இல் எடுத்துரைத்தது. புரோட்டீஸால் மயிர் நீக்கின், சல்பைடின் தேவை பெரிதும் குறையும்.

ஆயின், நொதி வேண்டிக் கடற்பஞ்சைக் கடலினின்று அள்ளிக் குவித்தல் தகுமோ? தகாது, தேவையுமில்லை. சிறு துண்டொன்றிலிருந்து பிரித்த பாக்டீரியாவைக் கலத்திலிட்டுப் பெருக்கினாற் போதும். கலத்தில் வளராத இனங்களே பல. அவற்றின் மரபணுவை எடுத்து, எளிதில் வளரும் வேறொரு பாக்டீரியாவிற் புகுத்தி நொதியைப் பெறும் வழியும் உண்டு. எனினும், முதற்றுண்டு கிடைக்கக் கடலிற் கடற்பஞ்சு உயிரோடிருத்தல் வேண்டுமன்றோ? 21 தீவுகளைக்கொண்ட மன்னார் வளைகுடாக் கடல்சார் தேசியப் பூங்கா 1986இல் அமைக்கப்பெற்றதன் பயன் இங்கே தெளிவாகும்.

மணலில் எறியப்பட்ட துண்டை இப்பொழுது காணுந்தோறும், பயனற்றதென்று யான் எண்ணியது அதன் குறையன்று, என் அறியாமையே என்றுணர்கிறேன்.