நிர்வாகத்தில் கட்டுப்பாடு

திட்டமிடுதலும் கட்டுப்படுத்துதலும் நிர்வாகத்தின் இரு கண்கள் எனலாம். திட்டம் இலக்கை வகுக்கிறது. பணி அவ்விலக்கை நோக்கிச் செல்கிறதா என்பதைக் கட்டுப்பாடு காட்டுகிறது. அளவுகோலை நிர்ணயித்தல், நடப்பதை அளத்தல், இரண்டையும் ஒப்பிடுதல், பிழையைத் திருத்துதல் ஆகிய நான்கும் இதன் படிகளாகும்.

கட்டுப்பாடு என்றால் தொழிலாளியைக் கண்காணிப்பது என்றே பலர் கருதுகின்றனர். கொல்கத்தாவை அடுத்து, ஹூக்ளிக் கரையிலுள்ள ஒரு சணல் ஆலையை எடுத்துக்கொள்வோம். ஒரே இயந்திரத்தில் நூற்ற நூலின் எடைகூடச் சிறிது கூடியும் குறைந்தும் இருக்கும். இவ்வேறுபாடு இருவகைப்படும். ஒன்று, உற்பத்தி முறையிலேயே இயல்பாக அமைந்தது. மற்றது, தேய்ந்த உதிரிப்பாகம், ஈரம் மிகுந்த நார் போன்ற குறிப்பிட்ட காரணத்தால் விளைவது. முன்னதற்காகத் தொழிலாளியைத் தண்டித்தல் அநீதி. பின்னதைக் கவனியாது விடுதல் நட்டம்.

இவ்விரண்டையும் பிரித்தறியும் கட்டுப்பாட்டு வரைபடத்தை அமெரிக்க அறிஞர் வால்ட்டர் ஷூஹார்ட் 1924-இல் வகுத்தார். அவ்வப்போது எடுக்கும் மாதிரிகளின் அளவுகள் அதில் புள்ளிகளாகக் குறிக்கப்படுகின்றன. ஒரு புள்ளி மேல் எல்லையையோ கீழ் எல்லையையோ தாண்டினால், உடனே காரணத்தைத் தேட வேண்டும். எல்லாப் புள்ளிகளும் எல்லைக்குள் இருந்தும் பொருள் தரமாக இல்லையெனில், உற்பத்தி முறையையே மாற்ற வேண்டும். அது நிர்வாகத்தின் பொறுப்பு.

பி.சி. மகலநோபிஸ் 1931-இல் கொல்கத்தாவில் நிறுவிய இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தின் அழைப்பின்பேரில், ஷூஹார்ட் 1947-48-இல் இந்தியா வந்தார். இம்முறையை ஆலைகளிடம் கொண்டு செல்ல அந்நிறுவனம் 1950-களில் தரக் கட்டுப்பாட்டுப் பிரிவுகளைத் தொடங்கியது.

பிழையின் காரணத்தைக் காலத்தே களையும் ஆலையில் கழிவு குறையும். தொழிலாளியின் நம்பிக்கையும் வளரும்.