பலகை பொருத்தும் பிஸ்கற் இயந்திரம்: வாங்குமுன் அறிய வேண்டியவை

வீட்டுத் தாழ்வாரத்தில் ஒரு வேலை மேசையும், கையில் ஓர் ஓய்வு நாளும் உடையவர்களுக்கு மரவேலை இனியதொரு பொழுதுபோக்கு. ஆயினும், இதில் ஈடுபடுவோர் பலர் மரத்துக்குச் செலவிடுவதிலும் கூடுதலாகக் கருவிகளுக்குச் செலவிட்டு விடுகின்றனர். அவ்வாறு ஆசையைத் தூண்டும் கருவிகளுள் ஒன்று ‘பிஸ்கற் ஜொயினர்’ எனப்படும் மின் இயந்திரம். அதனை வாங்கத்தான் வேண்டுமா, வாங்குவதாயின் எதனைப் பார்த்து வாங்குதல் வேண்டும் என்பவற்றை நாம் இங்கு ஆராய்வோம்.

பிஸ்கற் என்றதும் சிறுவர்கள் நாவூற வேண்டாம். இது பீச் மரத்தை நன்கு அழுத்தி, நீள்வட்ட வடிவில் வெட்டியெடுத்த மெல்லிய வில்லை. பொருத்த வேண்டிய இரு பலகைகளிலும் இயந்திரத்தின் சிறு வட்டவாள் பிறை வடிவான காடியொன்றை வெட்டுகின்றது. காடிகளில் வெண்பசை இட்டு, வில்லையை நடுவே செருகிப் பலகைகளை இறுக்கினால், பசையிலுள்ள நீரை உறிஞ்சி வில்லை பருக்கின்றது. காடியை நிறைத்து இறுகப் பிடித்துக்கொள்கின்றது. வில்லையின் மரநார் குறுக்குச் சாய்வாக ஓடுவதால் அது எளிதிற் பிளவுறுவதில்லை.

இம்முறையைக் கண்டவர் சுவிற்சர்லாந்து நாட்டின் லீஸ்ரால் நகரத்துத் தச்சரான ஹெர்மன் ஸ்ரைனர் என்பவர். 1944 இல் தமது பட்டறையை ஆரம்பித்த அவர், அக்காலத்திற் புதிதாக வந்த சிப்போட் பலகைகளை எளிதாகப் பொருத்த வழி தேடியபோது, 1950 களின் நடுப்பகுதியில் இவ்வுபாயத்தை அமைத்தார். 1956 இல் நிலையாக நிறுத்தி வேலை செய்யும் இயந்திரமும், 1968 இற் கையாற் பிடித்து வேலை செய்யும் இயந்திரமும் வந்தன. ‘லமெல்லோ’ என்னும் பெயர் அன்று தொட்டு இத்துறையில் நிலைத்துவிட்டது. இன்று வேறு பல கம்பனிகளும் இவற்றைச் செய்கின்றன.

வில்லைகள் பெரும்பாலும் மூன்று அளவுகளிற் கிடைக்கின்றன. 0 ஆம் இலக்கம் 47 மில்லிமீற்றர் நீளமும் 15 மில்லிமீற்றர் அகலமும் கொண்டது. 10 ஆம் இலக்கம் 53 க்கு 19. 20 ஆம் இலக்கம் 56 க்கு 23. தடிப்பு எல்லாவற்றுக்கும் ஏறக்குறைய 4 மில்லிமீற்றர். எனவே, ஒரு கம்பனியின் இயந்திரத்துக்கு மற்றொரு கம்பனியின் வில்லைகளையும் பயன்படுத்தலாம். வாங்கும் இயந்திரம் இம்மூன்று அளவுகளுக்கும் ஆழத்தை மாற்ற இடந்தருகின்றதா என்பதை முதலிற் பார்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்துப் பலரும் கேட்கும் கேள்வி, “எத்தனை வோற்று வலு?” என்பதாகும். வீட்டு வேலைக்கு 600 அல்லது 700 வோற்று போதும். அதற்கு மேற்பட்ட வலுவிற்குப் பணங் கொடுப்பதில் ஆதாயம் அதிகமில்லை. இவ்வியந்திரத்தின் தராதரம் வாளை இயக்கும் மோட்டாரில் இல்லை. பலகையின் முகத்திற் படிந்து நிற்கும் அணைதட்டிலேயே உள்ளது. அத்தட்டு வாளுக்குச் சரியாகச் சமாந்தரமாக இருத்தல் வேண்டும்.

கேத்திரகணிதம் பயிலும் மாணவர்கள் இதன் காரணத்தை எளிதில் உணர்வார்கள். தட்டு சிறிது சரிந்திருப்பதாகக் கொள்வோம். ஒரு காடியின் இடப்பக்கம் வலப்பக்கத்திலும் அரை மில்லிமீற்றர் தாழ்ந்து விழுகின்றது. மற்றப் பலகையிலும் அவ்வாறே விழும். ஆனால், இரண்டையும் எதிரெதிராகச் சேர்க்கும்போது ஒன்றின் இடப்பக்கம் மற்றதன் வலப்பக்கத்தைச் சந்திக்கின்றது. இரு சரிவுகளும் எதிர்த்திசைகளில் அமைவதால் பிழை இரட்டிக்கின்றது. பின்னர் எவ்வளவு இறுக்கினாலும் மேசையின் மேற்பரப்பு மட்டமாக அமையாது.

கடையிலேயே இதனைச் சோதிக்கலாம். இரண்டு கழிவுப் பலகைகளில் ஒரே முகத்திலிருந்து அளந்து காடி வெட்டச் செய்யுங்கள். பசையின்றி வில்லையைச் செருகிச் சேர்த்து, சேருமிடத்தை விரலாற் தடவிப் பாருங்கள். படி தட்டுப்படுமாயின் அவ்வியந்திரம் வேண்டாம். அணைதட்டு பற்சக்கரத்தால் ஏறி இறங்குமாயின் நன்று. அது ஒரு பக்கம் சாயாது உயரும். அதனைச் செங்கோணம் வரை சாய்க்க முடிகின்றதா, வாளை முன்தள்ளும்போது உடற்பகுதி ஆடுகின்றதா, கையை எடுத்ததும் வாள் தானாக உள்ளே மறைகின்றதா என்பவற்றையும் கவனியுங்கள். மரத்தூளை வாங்கும் பையோ குழாயோ அவசியம். கண்ணாடி அணியாமலும், சிறு துண்டுகளை மேசையோடு இறுக்காமலும் இதனை இயக்குதல் கூடாது.

நம் நாட்டவர்க்கு உரிய இரு எச்சரிக்கைகள் உள. அமெரிக்காவிலும் கனடாவிலும் விற்கப்படுபவை 120 வோல்ற்று மின்னுக்கு அமைந்தவை. நம் வீடுகளில் ஓடுவதோ 230 வோல்ற்று. உறவினர் அன்போடு கொண்டுவரும் இயந்திரத்தை அப்படியே செருகினால் மோட்டார் கருகிவிடும். மற்றது ஈரக்காற்று. திறந்து வைத்த வில்லைகள் காற்றின் ஈரத்தாலேயே பருத்து, காடியில் நுழைய மறுக்கும். மூடி இறுகிய தகரப் பேணியில் அவற்றை வைத்தல் நன்று.

இனி முக்கியமான விடயத்துக்கு வருவோம். வில்லையின் முதற் பயன் பலகைகளை மட்டமாக நிறுத்துவதேயன்றி, பாரந்தாங்குவதன்று. நார்வழியே நீளமாக ஒட்டப்படும் இரு பலகைகளை நல்ல பசை மட்டுமே போதிய உறுதியோடு பிடிக்கும். அலுமாரி, புத்தகத் தட்டு, மேசைப் பலகை, படச்சட்டம் ஆகியவற்றுக்கு வில்லை பொருத்தமானது. கதிரைக்கு அது பொருந்தாது. கதிரையில் இருப்பவர் பின்னே சாயுந்தோறும் கால்களும் குறுக்குச் சட்டங்களும் சேரும் மூட்டுகள் முறுக்கப்படுகின்றன. அங்கே ஒரு சட்டத்திற் துளை குடைந்து, மற்றதன் முனையைச் செதுக்கி அதனுட் செலுத்தும் பழைய தச்சு முறையே வேண்டும். குழந்தைகள் ஏறி விளையாடும் கதிரையையும் வாங்கையும் வில்லையை நம்பிச் செய்தல் ஆபத்தாகும்.

ஆதலால், வாங்குமுன் ஒரு கடதாசியை எடுத்து, வரும் இரண்டு ஆண்டுகளிற் செய்ய எண்ணியுள்ள பொருட்களை எழுதுங்கள். அலுமாரிகளும் தட்டுகளும் பலவாயின், நேரிய அணைதட்டு உடைய நல்ல இயந்திரம் ஒன்றை வாங்குவது தகும். மலிவு கருதி ஆடுந்தட்டு உள்ளதை வாங்காதீர்கள். ஒன்றிரண்டு பலகைகளை ஒட்டுவதே வேலையாயின், நல்ல பசையும் நான்கு இறுக்கிகளும் போதும். றூட்டர் இயந்திரம் ஏற்கனவே உடையவர்கள் 4 மில்லிமீற்றர் காடி வெட்டும் அலகு ஒன்றை வாங்கிப் பலகை ஓரங்களிற் காடி வெட்டிக்கொள்ளலாம். பட்டியலில் கதிரைகளே மிகுந்திருக்குமாயின், அப்பணத்தில் நல்ல உளிகள் சிலவும் முதிரை மரமும் வாங்குவதே மேல்.