உஷார்! கார் கதவு ஸ்டிக்கரைப் படிக்காமல் கேம்பர் வாங்காதீர்கள்

அமெரிக்காவில் வாழும் நம் குடும்பங்களில் கோடை நெருங்கினால் ஒரு பேச்சு கிளம்பும். ஊரிலிருந்து அம்மா, அப்பா வந்திருக்கிறார்கள். பிள்ளைகளுக்குப் பள்ளி விடுமுறை. யெல்லோஸ்டோன் போகலாம் என்றால் ஹோட்டல் வாடகை மலைக்க வைக்கிறது. பேசாமல் ஒரு கேம்பர் வாங்கிவிட்டால் என்ன?

அடுத்த சனிக்கிழமை டீலரின் மைதானத்தில் போய் நிற்பார்கள். அங்கே முதலில் கண்ணில் படுவது பாப்-அப் கேம்பர். மடக்கியிருக்கும்போது நெஞ்சுயரப் பெட்டி. கைப்பிடியைச் சுற்றினால் கூரை மேலே எழும், இரண்டு பக்கமும் கட்டில் நீளும், சுற்றிலும் கேன்வாஸ் விரியும். அதற்குப் பக்கத்தில் ஹைப்ரிட் டிரெய்லர். சுற்றிலும் கெட்டிச் சுவர், உள்ளே சமையல் மேடை, கழிவறை, ஷவர். முன்னும் பின்னும் பலகைக் கதவு கீழே இறங்கி, அதன்மேல் கேன்வாஸ் போர்த்திய கட்டில் வரும். அம்மாவுக்கு ராத்திரியில் பாத்ரூம் பக்கத்திலேயே இருக்கும், மழை வந்தால் கெட்டிக் கூரை இருக்கிறது, விலையும் ஒரேயடியாக எட்டாததில்லை. மனசு அங்கேயே சாய்ந்துவிடும். "உங்கள் எஸ்.யு.வி. 5,000 பவுண்டு இழுக்கும், இது வெறும் 4,200 பவுண்டுதான்" என்று விற்பனையாளரும் சொல்லிவிடுவார்.

தயவுசெய்து அந்த நிமிடத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். பெரிய பிக்கப் டிரக் வைத்திருப்பவருக்கு ஹைப்ரிட் நல்ல வண்டி. மினிவேனோ மூன்று வரிசை எஸ்.யு.வி.யோ வைத்திருக்கும் ஆறு பேர் கொண்ட குடும்பத்துக்கு அது ஆபத்து. முழு டிரெய்லரின் எடையும் உங்கள் தலையில் விழும், கூடாரத்தின் பலவீனமும் உங்களை விட்டுப் போகாது.

முதலில் எடை. விற்பனையாளர் சொன்ன இரண்டு எண்ணுமே பொய்யில்லை, ஆனால் இரண்டும் உங்கள் பயணத்தைப் பற்றியவை அல்ல. 4,200 பவுண்டு என்பது தண்ணீர், பாத்திரம், படுக்கை எதுவும் இல்லாத வெற்று டிரெய்லரின் எடை. ஒரு கேலன் தண்ணீர் 8.3 பவுண்டு, 30 கேலன் தொட்டியை நிரப்பினால் சுமார் 250 பவுண்டு அதிலேயே போச்சு. கேஸ் சிலிண்டர், பேட்டரி, அரிசி மூட்டை, குக்கர், நாற்காலிகள், மெத்தைகள், பிள்ளைகளின் சைக்கிள் என்று ஏற்றிக்கொண்டே போனால் 5,000 பவுண்டை லேசாகத் தொட்டுவிடும். அந்த 5,000 பவுண்டு இழுதிறனோ, வண்டியில் ஓட்டுநரும் இன்னொருவரும் தலா 150 பவுண்டு எடையில் உட்கார்ந்திருப்பதாக வைத்துக்கொண்டு சோதிக்கும் எண். உங்கள் வண்டியில் ஆறு பேர்.

நீங்கள் பார்க்க வேண்டிய எண் வேறு இடத்தில் இருக்கிறது. ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால், கதவு நிலையில் டயர் காற்றழுத்தம் அச்சிட்ட ஸ்டிக்கர் ஒன்று ஒட்டியிருக்கும். ஆட்களும் சாமான்களும் சேர்ந்து இத்தனை பவுண்டுக்கு மேல் போகக் கூடாது என்று அதில் எழுதியிருக்கும். இதைத்தான் பேலோடு என்கிறார்கள். டிரெய்லரின் முன்பகுதி, அதைக் காரோடு இணைக்கும் ஹிட்ச் மேல் அழுத்தும் எடையும், அதாவது டங் வெயிட்டும், இந்தக் கணக்கில்தான் சேரும். டிரெய்லர் ஆடாமல் நேராக வரவேண்டுமானால் அதன் மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் ஹிட்ச்மேல் இறங்கியே ஆக வேண்டும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஸ்டிக்கரில் 1,250 பவுண்டு என்று இருப்பதாக வையுங்கள். கணவன் மனைவி இருவரும் 330, தாத்தா பாட்டி 280, இரண்டு பிள்ளைகள் 150; ஆட்கள் மட்டும் 760. காருக்குள் ஐஸ் பெட்டி, பைகள் என்று 100. ஹைப்ரிட்டின் டங் வெயிட் 550, எடையைப் பரப்பும் ஹிட்ச்சின் இரும்புச் சாமான் 80. மொத்தம் 1,490. வீட்டு வாசலைத் தாண்டும் முன்பே 240 பவுண்டு அதிகம். அதோடு, 5,000 பவுண்டு இழுக்கும் வண்டிகள் பலவற்றில் ஹிட்ச் தாங்கும் எல்லை 500 பவுண்டுதான். அதுவும் இங்கே மீறிவிட்டது. இதே குடும்பம் சாமானோடு 2,800 பவுண்டு வரும் பாப்-அப்பைக் கட்டினால் டங் வெயிட் 310, சாதாரண ஹிட்ச் 30, மொத்தம் 1,200. மிச்சம் ஐம்பதே பவுண்டு. பாப்-அப்பே இவ்வளவு நெருக்கித்தான் அடங்குகிறது என்றால் மற்றதைச் சொல்லவே வேண்டாம். மினிவேன்காரர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். டொயோட்டா சியன்னா, ஹோண்டா ஒடிஸி போன்றவற்றின் உச்ச வரம்பே 3,500 பவுண்டு. ஆட்கள் கூடக்கூட இழுக்கும் எடையைக் குறைக்கச் சொல்லும் வண்டிக் கையேடுகளும் உண்டு. கையேட்டில் டிரெய்லர் பற்றிய பக்கங்களை ஒரு வரி விடாமல் படியுங்கள்.

"கொஞ்சம்தானே கூடுகிறது, மெதுவாகப் போனால் சரியாகிவிடும்" என்று நினைப்பவர்களுக்கு வயோமிங்கைப் பற்றிச் சொல்ல வேண்டும். டென்வர் பக்கமிருந்தோ கிழக்கிலிருந்தோ யெல்லோஸ்டோன் போகிற பலர் ஐ-80 நெடுஞ்சாலையில் ஏறுவார்கள். லாரமிக்கும் ராலின்ஸுக்கும் நடுவே, எல்க் மலையடிவாரத்தில், காற்று அடித்தால் சரக்கில்லாத பெரிய லாரியே கவிழ்கிறது. காற்று கடுமையான நாட்களில் எடை குறைந்த, உயரமான வண்டிகளுக்கு அந்தச் சாலையை மாநில அரசு மூடிவிடுகிறது. ஹைப்ரிட் சாலையில் ஓடும்போது சுமார் பத்தடி உயரச் சுவர். மடக்கிய பாப்-அப் காரின் நிழலிலேயே அடங்கி வரும். குறுக்குக் காற்றோ, பக்கத்தில் கடந்து போகும் லாரியோ ஒரு தள்ளு தள்ளினால், பின்னால் டிரெய்லர் ஆட ஆரம்பித்து, காரின் பின்புறத்தையும் சேர்த்து ஆட்டும். எடை மிஞ்சிய காரில் பின்பக்கம் அமுங்கி, முன் சக்கரங்களின் பிடி ஏற்கெனவே தளர்ந்திருக்கும்.

அப்படி ஆடினால் பிரேக்கை ஓங்கி மிதிக்காதீர்கள். ஸ்டியரிங்கை நேராகப் பிடித்து, ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டு, டிரெய்லருக்கு மட்டும் பிரேக் போடும் நெம்புகோலைக் கையால் மெல்ல அழுத்துங்கள். அதற்குக் காரில் பிரேக் கன்ட்ரோலர் பொருத்தியிருக்க வேண்டும். மினிவேன்கள் பலவற்றில் அதற்கான ஒயரிங்கூட இருக்காது. பல மாநிலங்களில் 3,000 பவுண்டுக்கு மேற்பட்ட டிரெய்லருக்குத் தனி பிரேக் சட்டப்படி கட்டாயம். கலிபோர்னியாவில் 1,500 பவுண்டிலேயே. கலிபோர்னியாவில் டிரெய்லர் இழுத்தால் மணிக்கு 55 மைலுக்கு மேல் போகவும் கூடாது.

இனி, பலரும் யோசித்தே பார்க்காத விஷயத்துக்கு வருகிறேன். கரடி.

2010 ஜூலையில், யெல்லோஸ்டோனின் வடகிழக்கு வாசலுக்கு வெளியே சோடா பியூட் முகாமில், குட்டிகளோடு வந்த பெண் கிரிஸ்லி கரடி ஒன்று நள்ளிரவில் கூடாரங்களில் தூங்கியவர்களைத் தாக்கியது. ஒருவர் இறந்தார், இருவர் காயமடைந்தார்கள். அதன்பிறகு அந்த முகாமில் கெட்டிச் சுவர் வண்டிகளுக்கு மட்டுமே அனுமதி என்று வனத்துறை விதித்தது. யெல்லோஸ்டோனுக்குள் ஃபிஷிங் பிரிட்ஜ் முகாமிலும் அதே விதி. கனடாவில் பான்ஃப் பூங்காவின் லேக் லூயீஸில், கூடாரக்காரர்கள் தங்கும் முகாமைச் சுற்றி மின்வேலியே போட்டிருக்கிறார்கள். கெட்டிச் சுவர் டிரெய்லர்களுக்கு வேலியில்லாத தனி முகாம்.

பாப்-அப் வைத்திருப்பவருக்குத் தன் வண்டி கூடாரக் கணக்கில்தான் சேரும் என்று தெரியும். ஹைப்ரிட் வாங்கியவர்தான் ஏமாந்து போகிறார். தன்னுடையது கெட்டிச் சுவர் என்று நம்பிப் பல மாதம் முன்பே இடம் பதிவு செய்துவிடுவார். ஆனால் உங்கள் பிள்ளை தூங்குவது கேன்வாஸ் பக்கம்தானே? அந்தத் துணிக்கு வெளியே மூக்கை வைக்கும் கரடிக்கு, நடு ஹாலில் அலுமினியச் சுவர் இருப்பது கணக்கே இல்லை. துணிக் கட்டில்களை மூடிவைத்துத் தங்க அனுமதி உண்டா என்பதை அந்தந்த முகாமில் கேட்டுத்தான் ஆக வேண்டும். அப்படி மூடினால் ஆறு பேர் படுக்கும் வண்டியில் இரண்டு அல்லது மூன்று பேருக்குத்தான் இடம் மிஞ்சும். தாத்தா பாட்டியை எங்கே படுக்க வைப்பீர்கள்?

நம் சமையலின் வாசனை வேறு. யோசமிட்டியில் கெட்டிச் சுவர் ஆர்.வி.க்குள் ஜன்னலை மூடிச் சாப்பாடு வைக்கலாம். கேன்வாஸ் வண்டி என்றால் சாம்பார்ப் பொடி, ஊறுகாய் பாட்டில், ஏன், பற்பசை உட்பட எல்லாமே முகாமின் இரும்புப் பெட்டிக்குள் போக வேண்டும். மீறினால் 5,000 டாலர் வரை அபராதம். கருவாடு வறுக்கும் ஆசை இருந்தால் கரடியில்லாத ஊருக்கு ஒத்திவையுங்கள்.

சரி, பாப்-அப்தான் என்று முடிவு செய்தால் கவலை தீர்ந்ததா என்றால், இல்லை. கூரையைத் தூக்குவது கம்பி வடமும் கப்பியும்தான். பாதி எழுந்த கூரைக்கு அடியில் பிள்ளையைப் புகவிடாதீர்கள். பழைய வடம் அறுந்தால் கூரை அப்படியே இறங்கும். பழைய வண்டி வாங்கினால் முழுக்க ஏற்றி இறக்கிக் காட்டச் சொல்லுங்கள். நாலு மூலையும் ஒரே அளவில் எழுகின்றனவா பாருங்கள். ஈரத்தோடு மடக்க நேர்ந்தால் வீடு வந்து ஒன்றிரண்டு நாளுக்குள் விரித்துக் காயவைக்க வேண்டும், இல்லையென்றால் பூஞ்சை பிடிக்கும். ஹைப்ரிட்டின் துணிக் கட்டிலுக்கும் இதே விதிதான், ஆனால் அதன் இன்னொரு நோய் மோசமானது. பலகைக் கதவின் ரப்பர் சீல் வழியாகத் தண்ணீர் கசிந்து மரச்சட்டத்தை உள்ளுக்குள்ளேயே அரித்துவிடும், வெளியே ஒன்றும் தெரியாது. மூலைகளில் தரையைக் காலால் அழுத்திப் பாருங்கள். மெத்தென்று அமுங்கினாலும், பக்கச் சுவர் கொப்பளித்திருந்தாலும், எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்காமல் வந்துவிடுங்கள்.

எந்த வண்டியானாலும் டயரின் பக்கவாட்டில் டி.ஓ.டி. என்று தொடங்கும் வரிசையின் கடைசி நான்கு எண்ணைப் படியுங்கள். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்தது. ஐந்தாறு வருடம் தாண்டிய டிரெய்லர் டயர், பார்க்கப் புதிதாக இருந்தாலும், கோடை வெயிலில் பாதி வழியில் வெடிக்கலாம். குளிர்கிற ராத்திரியில் அடுப்பைப் பற்றவைத்தோ கரி மூட்டியோ உள்ளே சூடேற்றவே கூடாது. கார்பன் மோனாக்ஸைடுக்கு வாசனை கிடையாது, தூக்கத்திலேயே உயிர் போய்விடும். அதன் அலாரம் வேலை செய்கிறதா என்று ஒவ்வொரு பயணத்துக்கு முன்பும் அழுத்திப் பாருங்கள்.

ஏற்கெனவே ஹைப்ரிட் வாங்கி, இந்தக் கோடைக்கு யெல்லோஸ்டோனில் இடமும் பதிவு செய்துவிட்டவர்கள் இந்த வாரமே இரண்டு வேலை செய்யுங்கள். முதலாவது, முகாமுக்குப் போன் செய்து, உங்கள் டிரெய்லரில் கேன்வாஸ் கட்டில் உண்டு என்று வாய்விட்டுச் சொல்லிக் கேளுங்கள். இரண்டாவது, பயணத்துக்குப் போகிறபடியே குடும்பம், சாமான், டிரெய்லர் எல்லாவற்றோடும் பக்கத்து டிரக் ஸ்டாப்பில் இருக்கும் கேட் ஸ்கேலில் ஏறி எடை போடுங்கள். லாரிகள் எடை போடும் அதே மேடைதான், செலவும் அதிகமில்லை. எடைச் சீட்டில் காரின் அச்சு ஒவ்வொன்றுக்கும் டிரெய்லருக்கும் தனித்தனி எடை வரும். டிரெய்லரைக் கழற்றிவிட்டு, அதே ஆட்களோடும் சாமானோடும் காரை மட்டும் மறுபடி ஏற்றினால், இரண்டு சீட்டிலும் காரின் எடைக்குள்ள வித்தியாசத்தில் ஹிட்ச்மேல் எவ்வளவு இறங்குகிறது என்றும் தெரிந்துவிடும். அந்த எண்களைக் கதவு நிலையில் எழுதியிருக்கும் எடை வரம்புகளோடு ஒப்பிடுங்கள். கூடுதலாக இருந்தால் தண்ணீர்த் தொட்டியைக் காலியாக ஓட்டி, முகாமில் நிரப்பிக்கொள்ளுங்கள். தாத்தா பாட்டியும் கனமான சாமானும் இரண்டாவது காரில் வரட்டும். அப்போதும் அடங்கவில்லை என்றால், டிரெய்லரை வீட்டில் நிறுத்திவிட்டு, அந்த வாரத்துக்கு ஹோட்டல் அறை எடுத்துக்கொள்ளுங்கள்.