புலி ஒளிந்துகொள்ள ஒரு புதர்

“இவ்வளவு தூரம் போயும் புலியைப் பார்க்க முடியலையே!” கோடை விடுமுறையில் சென்னைக்குப் போய் வண்டலூர் உயிரியல் பூங்காவைச் சுற்றிவிட்டு திண்டுக்கல் மாவட்டத்து ஆத்தூர், செம்பட்டிப் பக்கம் திரும்பும் குடும்பங்களிடம் இந்தப் புலம்பல் அடிக்கடி கேட்கும். வெயிலில் பிள்ளையைத் தோளில் சுமந்து நின்றவர்களின் ஏமாற்றம் நியாயமானதுதான். ஆனாலும், வேண்டும்போது மறைந்துகொள்ள அந்தப் புலிக்கு ஒரு புதர் இருக்கிறது என்றால், பூங்கா தன் வேலையை ஒழுங்காகச் செய்கிறது என்றே நான் சொல்வேன்.

அந்தப் புதர் வந்துசேர நூறாண்டுக்கு மேல் பிடித்தது. 1855-ல் எட்வர்ட் பால்ஃபர் சென்னை அருங்காட்சியக வளாகத்தில் தொடங்கிய விலங்குக்காட்சி, சில ஆண்டுகளில் சென்ட்ரல் ரயில் நிலையத்தை ஒட்டிய பீப்பிள்ஸ் பார்க்குக்கு மாறியது. சென்னைவாசிகளின் ‘உயிர்க் காலேஜ்’ அதுதான். தலைமுறை தலைமுறையாக மக்கள் அங்கே கம்பிக்குப் பின்னால்தான் விலங்குகளைப் பார்த்தார்கள். நகரம் நாற்புறமும் நெருக்கியபோது, 1970-களில் வண்டலூர் காப்புக்காட்டில் இடம் ஒதுக்கினார்கள். 1985 ஜூலையில் முதல்வர் எம்.ஜி.ஆர். புதிய பூங்காவைத் திறந்துவைத்தார். இன்று அதன் பரப்பு சுமார் 602 ஹெக்டேர்.

அங்கே கம்பியின் இடத்தை அகழி பிடித்துக்கொண்டது. நாம் நிற்கும் பக்கம் செங்குத்தான சுவர், அதன் அடியில் பள்ளமோ தண்ணீரோ இருக்கும். எதிர்ப்பக்கம் விலங்கின் தரை மெல்லச் சரிந்து பள்ளத்தில் இறங்கும். உள்ளே இறங்கிய விலங்கு வந்த சரிவிலேயே திரும்பி ஏறலாம், நம் பக்கம் ஏற முடியாது. 1907-ல் ஜெர்மனியின் ஹாம்பர்க் அருகே கார்ல் ஹாகன்பெக் பெரிய அளவில் செய்துகாட்டிய முறை இது.

ஆனால் ஹாகன்பெக்கின் செயற்கைப் பாறைகள் பெரும்பாலும் மனிதக் கண்ணை மகிழ்விக்கக் கட்டப்பட்டவை. அந்தக் குறை இன்றும் தொடர்கிறது. சிமென்ட்டில் அடிமரம் செய்து பழுப்பு வண்ணம் பூசிவிட்டு, இயற்கைச் சூழல் அமைத்துவிட்டோம் என்று சொல்லும் பூங்காக்கள் உலகெங்கும் உண்டு. நிஜ மரம் நட்ட இடத்திலும், விலங்கு அதைச் சிதைத்துவிடாதபடி சுற்றிலும் மின்கம்பி ஓடும். பார்ப்பவருக்கு அது காடு. உள்ளே இருக்கும் உயிருக்கோ எட்டாத நிழல். இந்த ஒப்பனையில் எனக்குத் துளியும் உடன்பாடில்லை.

2003-ல் ‘நேச்சர்’ இதழில் ராஸ் கிளப், ஜார்ஜியா மேசன் என்ற இரு ஆய்வாளர்கள் ஒரு முடிவை வெளியிட்டார்கள். காட்டில் பரந்து திரியும் இனத்தைச் சேர்ந்த ஊனுண்ணிகளே அடைப்பில் அதிகமாக இங்குமங்கும் ஓயாமல் நடக்கின்றன; அவற்றின் குட்டிகளும் அதிகம் இறக்கின்றன. யானை விஷயத்தில் நம் மத்திய உயிரியல் பூங்கா ஆணையம் 2009-லேயே தெளிவாக இருந்தது. பூங்காக்களிலும் சர்க்கஸ்களிலும் இருக்கும் யானைகளை முகாம்களுக்கு மாற்றச் சொன்னது. எவ்வளவு அழகுபடுத்தினாலும் போதாத உயிர்கள் உண்டு என்பதை ஓர் அரசு அமைப்பே ஒப்புக்கொண்டது பெரிய விஷயம். கோவை வ.உ.சி. பூங்காவும் போதிய இடமில்லாமல் 2022-ல் அங்கீகாரத்தை இழந்தது.

நம் மலைகளுக்கு அந்தப் பக்கம், திருச்சூரில் இப்போது நல்ல முயற்சி ஒன்று நடந்திருக்கிறது. 1885-ல் நகரத்துக்குள் பதின்மூன்றரை ஏக்கரில் தொடங்கிய பழைய காட்சியகத்துக்குப் பதிலாக, புத்தூரில் 338 ஏக்கரில் புதிய பூங்கா 2025-ல் திறக்கப்பட்டது. வடிவமைத்தவர் ஜான் கோ. 1970-களின் இறுதியில் அமெரிக்காவின் சியாட்டில் நகரில், கொரில்லா ஏறி விளையாட நிஜ மரங்களை விட்டு, பார்வையாளரையும் அதே செடிகொடிகளுக்குள் நடக்கவைத்த குழுவில் இருந்தவர் அவர்.

மரம் என்றால் வண்டலூருக்கும் ஒரு பாடம் உண்டு. புதர்க்காடாகக் கிடந்த நிலத்தில் நட்டு வளர்த்த மரங்களில் ஆயிரக்கணக்கானவற்றை 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் ஒரே நாளில் சாய்த்துப் போட்டது. பூங்காவைப் பல வாரங்கள் மூட வேண்டியதாயிற்று. சுவரைச் சில மாதங்களில் எழுப்பிவிடலாம், நிழல் வளரப் பல ஆண்டுகள் ஆகும்.

இதையெல்லாம் ஆத்தூரில் உட்கார்ந்து எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. காமராஜர் அணைக்கரையில் நின்றால் எதிரே பழனி மலைத்தொடர். எந்த வடிவமைப்பாளரும் வரைந்து தராத காடு அது. திண்டுக்கல்லுக்கு வடக்கே, அய்யலூர் தொடங்கி கரூர் மாவட்டத்துக் கடவூர் வரை விரிந்த 11,806 ஹெக்டேர் காட்டை 2022 அக்டோபரில் தமிழக அரசு தேவாங்கு சரணாலயமாக அறிவித்தது. நாட்டிலேயே தேவாங்குக்கென அமைந்த முதல் சரணாலயம் நம் மாவட்டத்திலும் கரூரிலுமாக இருக்கிறது.

தேவாங்கு எப்படி நகர்கிறது என்று பார்த்தாலே, அதன் இருப்பிடத்தைப் போலி செய்வது எவ்வளவு கடினம் என்று புரியும். அது தாவாது. ஒரு கிளையைப் பின்கால்களால் இறுகப் பற்றிக்கொண்டு, உடலை நீட்டி அடுத்த கிளையை எட்டிப் பிடிக்கும். முள்மரங்களின் கிளைகள் ஒன்றோடொன்று கோத்து நிற்கும்வரை இரவெல்லாம் பூச்சி தேடி நடக்கும். நடுவில் ஒரு மரம் போனால் தரையில் இறங்கியாக வேண்டும். தரையில் நாயும் வண்டிச் சக்கரமும் காத்திருக்கின்றன. எந்தப் பூங்கா தேவாங்குக்கு இடம் கட்டினாலும் இந்தக் கிளைத் தொடர்ச்சியைத்தான் முதலில் கட்ட வேண்டும். நம் தோட்ட வேலிகளிலோ அது ஏற்கெனவே இருக்கிறது.

அதனால் அய்யலூர், வடமதுரை, நத்தம் பக்கம் நிலம் வைத்திருப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். வேலியோர முள்மரங்களை ஒட்ட வெட்டாதீர்கள், கிளைகள் தொட்டுக்கொண்டிருக்கட்டும். காட்டோரச் சாலையில் இரவில் வண்டியை மெதுவாக ஓட்டுங்கள். அடிபட்ட தேவாங்கைக் கண்டால் வீட்டுக்குக் கொண்டுபோகாமல் வனத்துறைக்குத் தகவல் சொல்லுங்கள். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கும் உயிர் அது. பிடித்து வைத்திருப்பது குற்றம்.