இயங்குதளம் கெட்டாலும் மென்பொருள்கள் தொலையாது

செங்காங் எல்ஆர்டி ரயிலில் போகும்போது மடிக்கணினியில் உபுண்டு லினக்ஸைப் புதுப்பிக்கத் தொடங்கினேன். பாதியிலேயே மின்கலம் தீர்ந்துவிட்டது. வீட்டுக்கு வந்து திறந்தால், கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்துகள் மட்டுமே தெரிந்தன. பலதுறைத் தொழிற்கல்லூரித் திட்டப்பணியை ஒப்படைக்க இரண்டே நாள் இருந்தது.

“எல்லாவற்றையும் அழித்துவிட்டு முதலிலிருந்து நிறுவப் போகிறேன்,” என்று எங்கள் புளோக்கில் வசிக்கும் அண்ணன் ஒருவரிடம் சொன்னேன். கணினித் துறையில் வேலை செய்பவர் அவர். “அவசரப்படாதே தம்பி. கெட்டது இயங்குதளம்தான், உன் கோப்புகள் இல்லை,” என்றார்.

முதலில் பழுதுபார்க்க முயன்றோம். கணினி தொடங்கும்போது வரும் பட்டியலில் மீட்பு நிலையைத் தேர்ந்தெடுத்தால், பாதியில் நின்ற தொகுப்புகளைச் சரிசெய்யும் வசதி இருக்கும். பல நேரங்களில் அதுவே போதும். எனக்கு அது கைகொடுக்கவில்லை.

அடுத்து, உபுண்டு உள்ள யுஎஸ்பி விரலியைச் செருகி, எதையும் நிறுவாமல் அதிலிருந்தே கணினியை இயக்கினோம். பழைய கோப்புகள் அனைத்தும் வட்டில் பத்திரமாக இருந்தன. அவற்றை வெளி வட்டு ஒன்றில் நகலெடுத்தோம்.

“மென்பொருள்கள்?” என்று கேட்டேன்.

லினக்ஸில் பெரும்பாலான மென்பொருள்கள் இணையக் களஞ்சியம் ஒன்றிலிருந்து வருகின்றன. அவற்றை நூலகப் புத்தகங்களைப்போல எண்ணிக்கொள்ளலாம். பெயர் தெரிந்தால் மறுபடி இரவல் வாங்கிக்கொள்ளலாம். அவற்றில் நாம் செய்துவைத்த அமைப்புகளோ, நாமே எழுதிய குறிப்புகளைப் போன்றவை. அவை பெரும்பாலும் ‘ஹோம்’ கோப்புறையில், புள்ளியில் தொடங்கும் பெயர்களோடு மறைந்திருக்கும். ஆகவே, பெயர்ப் பட்டியலும் ஹோம் கோப்புறையும் கையில் இருந்தால் போதும்.

யுஎஸ்பியில் இயங்கியபடியே, ‘சிஎச்ரூட்’ கட்டளை மூலம் பழைய இயங்குதளத்துக்குள் நுழைந்து, ‘ஏபிடி-மார்க் ஷோமேனுவல்’ என்ற கட்டளையைக் கொடுத்தோம். நான் கேட்டு நிறுவிய தொகுப்புகளின் பெயர்கள் வரிசையாக வந்தன. அந்தப் பட்டியலைச் சிறிய உரைக்கோப்பாகச் சேமித்தோம்.

வேலை முடிந்தது என்று நினைத்தபோது அண்ணன் கேட்டார்: “உன் திட்டப்பணியின் தரவுத்தளம் எங்கே இருக்கிறது?”

எனக்குப் பதில் தெரியவில்லை. மைஎஸ்கியூஎல் தன் தரவை வழக்கமாக ஹோமில் வைப்பதில்லை. இயங்குதளத்தின் ‘வார்’ கோப்புறைக்குள் வைக்கிறது. மறுநிறுவலில் அது அழிந்துபோகும். இரண்டு மாத உழைப்பு அதற்குள்தான் இருந்தது. உரிமை அமைப்புகள் மாறாதபடி அதையும், ‘ஈடிசி’ கோப்புறையையும் நகலெடுத்தோம்.

பிறகுதான் மறுநிறுவல். என் கணினியில் ஹோம் தனி வட்டுப் பிரிவில் இருந்தது. வட்டுப் பிரிவுகளை நாமே தேர்ந்தெடுக்கும் வழியில் சென்று, இயங்குதளப் பிரிவை மட்டும் அழித்து நிறுவினோம்; ஹோம் பிரிவை அழிக்காமல் இணைத்தோம். உபுண்டுவின் அதே பதிப்பையும் பழைய பயனர் பெயரையுமே பயன்படுத்தினோம். பின்னர் சேமித்த பட்டியலை ‘ஏபிடி இன்ஸ்டால்’ கட்டளையிடம் கொடுத்ததும் மென்பொருள்கள் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன. உலாவியைத் திறந்தால் என் புத்தகக்குறிகள்கூட அப்படியே இருந்தன. கடைசியாகத் தரவுத்தளத்தை அதன் இடத்தில் வைத்தோம்.

களஞ்சியத்துக்கு வெளியிலிருந்து நேரடியாகப் பதிவிறக்கி நிறுவியவை மட்டும் அப்படி வரவில்லை. அவற்றைத் தனியே நிறுவ வேண்டியிருந்தது. ஸ்னாப், ஃபிளாட்பேக் வழி வந்தவற்றுக்கும் தனிப் பட்டியல் எடுக்க வேண்டும்.

உபுண்டு 2004ல் வெளிவந்தது. அதற்கு அடிப்படையான டெபியன் 1993ல் தொடங்கியது. இந்தியாவின் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் டெபியன் வழி வந்ததே. ஆகவே, இந்த முறையின் அடிப்படை அவற்றுக்கும் பொருந்தும்.

திட்டப்பணியைக் குறித்த நேரத்தில் ஒப்படைத்தேன். இப்போது மாதம் ஒருமுறை மென்பொருள் பட்டியலையும் தரவுத்தளத்தின் நகலையும் வெளி வட்டில் சேமிக்கிறேன். ஓடும் ரயிலில் இயங்குதளத்தைப் புதுப்பிப்பதையும் விட்டுவிட்டேன்.

உங்கள் கணினியில் எது எங்கே இருக்கிறது? அது முடங்கும் முன்பே ஒருமுறை தேடிப் பார்த்துவிடுங்கள்.