இதயத்தின் செவிகள்

ஆசிரியப் பணியின் தொடக்கத்தில் நான் வகுப்பில் ஓயாது அதட்டுவேன். முதல் வாரம் மாணவர் அஞ்சினர். பிறகு என் குரலைப் பொருட்படுத்தவில்லை. நான் மேலும் உரக்கக் கத்த, அவர்கள் மேலும் கவனியாதிருந்தனர். இதனை ஒத்த நிகழ்ச்சி ஒன்று நம் இதயத்திலும் உண்டு. அதனை இன்று விளக்க விழைகிறேன்.

நாம் ஓடும்போதும் அஞ்சும்போதும் அட்ரினலின் முதலிய தூண்டிகள் இதயத்தை அடைகின்றன. இதயத் தசையிலுள்ள உயிரணுக்களின் மேலுறையில் பீட்டா ஏற்பிகள் என்னும் புரதங்கள் உள்ளன. அவற்றை இதயத்தின் செவிகள் எனலாம். தூண்டி அங்கே பொருந்தியதும் உள்ளே செய்தி செல்கிறது. இதயம் விரைவாகவும் வலுவாகவும் துடிக்கிறது.

இந்த அழைப்பு நீண்டுகொண்டே போனால் இதயம் என்னாவது? அதற்கு இயற்கை வைத்துள்ள காவலே 'ஜி.ஆர்.கே.2' என்னும் நொதி. இது கைனேஸ் இனத்தைச் சேர்ந்தது. பிற பொருள்களின்மீது பாஸ்பேட்டைப் பொருத்துவது அவ்வினத்தின் தொழில். தூண்டப்பட்ட ஏற்பியின் உட்பகுதியில் இந்நொதி பாஸ்பேட்டை இணைக்கிறது. அங்கே அரெஸ்டின் என்னும் மற்றொரு புரதம் வந்து பற்றிக்கொள்ள, செய்தி தடைப்படுகிறது. ஏற்பியும் உயிரணுவுக்குள் இழுத்துக்கொள்ளப்படுகிறது. அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் ராபர்ட் லெஃப்கோவிட்ஸ் குழுவினர் இந்நொதியை 1986-இல் இனங்கண்டனர். ஏற்பிகளைப் பற்றிய ஆராய்ச்சிக்காக அவரும் பிரையன் கோபில்காவும் 2012-இல் வேதியியல் நோபெல் பரிசு பெற்றனர்.

ஆயினும் காவலே கேடாவதும் உண்டு. நலிந்த இதயம் போதிய குருதியை வெளியேற்ற இயலாதபோது, உடல் இடைவிடாது அதனைத் தூண்டுகிறது. அதனால் நொதி மிகுகிறது, ஏற்பிகள் குறைகின்றன, எஞ்சியவை மந்தமாகின்றன. உடல் மேலும் கூவ, இதயம் மேலும் செவிடாகிறது.

இதற்கு மருந்து யாது? பீட்டா ஏற்பியைத் தடுக்கும் மருந்து நலிந்த இதயத்துக்கு ஆகாது என்றே மருத்துவர் நெடுங்காலம் கருதினர். 1975-இல் ஸ்வீடன் நாட்டு மருத்துவர் சிலர் அதனை அளித்துப் பார்த்தனர், நோயாளிகள் தேறினர். 1999-இல் வெளியான இரு பெரிய ஆய்வுகள் ஒவ்வொன்றிலும் இறப்பு 34 விழுக்காடு குறைந்திருந்தது. கூச்சல் தணிந்ததும் களைத்த இதயம் தேறத் தொடங்குகிறது. ஆனால் இம்மருந்தைச் சிற்றளவில் தொடங்கிப் படிப்படியாகவே உயர்த்துதல் வேண்டும். அது மருத்துவர் மேற்பார்வையில் நிகழவேண்டியது. அந்நொதியையே நேரடியாக அடக்கும் மருந்துகளையும் அறிஞர் ஆராய்ந்து வருகின்றனர்.

நானும் பின்னாளில் குரலைத் தாழ்த்திப் பேசக் கற்றேன். வகுப்பு செவிசாய்த்தது.